தோலிற் பொறித்த பெயர்

வன்னி நாட்டிலே தோலங்கிக்கு யாதொரு வேலையும் இல்லை. மார்கழிப் பனியிலே வயற்காவலுக்குப் போகிறவன்கூட ஒரு சாக்கையோ பழைய போர்வையையோ தோளிற் போட்டுக்கொண்டு போவானேயன்றி, கழுத்துவரை பூட்டிய தோற்சட்டை அணிந்து செல்வதைக் கனவிலும் நினையான். இருந்தும் எங்கள் வீட்டு முன்விறாந்தைச் சுவரிலே, ஓர் ஆணியில், கறுத்த தோலங்கியொன்று சில ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வருவோர் அதனைத் தொட்டுப் பார்க்கின்றனர், விலை கேட்கின்றனர், கேட்டுவிட்டுச் சிரிக்கின்றனர். அந்த அங்கியினால் நான் கற்ற பாடமொன்றைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். ஆசிரியன் ஒருவன் தன் மாணாக்கனிடமிருந்து கற்ற பாடம் ஆதலின், ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனைச் சற்றுப் பொறுமையோடு படிப்பார்கள் என நம்புகிறேன்.

கனடாவில், ரொறன்ரோ நகரில் வாழும் என் தமையனார் மகன், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென்று ஒருமுறை ஊருக்கு வந்தான். விமானத்துக் குளிருக்காக அணிந்து வந்த அங்கியைக் கட்டுநாயக்காவில் இறங்கிய கணத்திலேயே கழற்றிவிட்டானாம். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதனை ஆணியில் மாட்டினான். திரும்பிப் போகும்போது தோட்பட்டைத் தையல் விட்டுப்போயிருந்ததைக் காட்டி, "சித்தப்பா, இது இங்கேயே கிடக்கட்டும். அங்கை திருத்தக் குடுத்தால் புதுச் சட்டை விலை கேட்பாங்கள்" என்று சொல்லிச் சென்றுவிட்டான்.

அந்நாட்களில் நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். மாலை வேளைகளில் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இலக்கணம் கேட்க வருவார்கள். அவர்களுள் ஒருவன் அதிகம் பேசாதவன். கடைசி வாங்கில் இருப்பான். கேட்டாலன்றி வாய் திறவான். ஒருநாள் மற்றப் பிள்ளைகள் போனபின்னரும் அவன் நின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே சென்று திரும்பியபோது, அவன் அந்த அங்கியின் கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, மெல்ல இழுத்து, மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டான்.

"என்னடா தம்பி பார்க்கிறாய்?" என்றேன்.

சற்றுத் தயங்கினான். பின்னர், "சேர், இது மாட்டுத் தோல். முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் முதுகுத் தோலை வெட்டி எடுத்திருக்கினம். கைக்குக் கீழை மட்டும் வயித்துத் தோல். பிடிச்சு இழுத்தால் தெரியும். வயித்துத் தோல் இழுபடும். தைச்சவன் கெட்டிக்காரன். இழுபடுற தோலை ஆடுற இடத்திலை வைச்சிருக்கிறான்" என்றான்.

ஒரு மூச்சில் அவன் அத்தனை சொற்கள் பேசி நான் கேட்டதில்லை. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. எனக்கு விடை தெரியும். அந்த விடையை ஒருகாலத்தில் ஒரு வகுப்பு முழுவதும் கேட்க உரத்து வாசித்தவன் நானே.

அது நடந்தது அவன் ஆறாம் ஆண்டில் வந்து சேர்ந்த வருடம். வகுப்புப் பதிவேட்டுக்காகப் பிள்ளைகளிடம் ஒரு படிவம் வாங்கியிருந்தோம். தந்தையின் தொழில் என்னும் இடத்தில் இவன் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தான். நான் ஒவ்வொரு படிவமாக எடுத்து வாசித்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். இவனுடையதை எடுத்ததும், "வியாபாரமோ? உன் தகப்பன் பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைப்பவரல்லவா? உள்ளதை எழுத வேண்டும்" என்றேன். உண்மை எழுதும் பழக்கத்தைக் கற்பிக்கிறேன் என்பதே அப்போது என் எண்ணம். வகுப்பு சிரித்தது. அவன் 'வியாபாரம்' என்பதை வெட்டிவிட்டு நான் சொன்னதை எழுதினான். மறுநாள் தொடங்கி ஒரு கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபின் கடைசி வாங்குக்குப் போனவன், நான்கு ஆண்டுகளாக அங்கேயே இருந்தான்.

பொய் எழுதிய பிள்ளையைத் திருத்தினேன் என்று நான் நினைத்தேன். அந்தப் பொய்யை எழுதும்படி அவனை நெருக்கியது எது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை அங்கியை அவனிடமே கொடுத்து, தகப்பனாரிடம் காட்டித் திருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். மூன்றாம் நாள் தகப்பனாரே அதனைக் கொண்டுவந்தார். மெழுகிட்ட நூலால், குத்தூசி கொண்டு, பழைய துளைகளின் வழியாகவே தைத்திருந்தார். வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தும் தையல் விட்ட இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. கூலியைச் சொன்னார், கொடுத்தேன், எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். போகப் புறப்பட்டவர் நின்று, அங்கியின் கழுத்துக்குள்ளே தைத்திருந்த சிறு துணியைக் காட்டி, "ஐயா, இதிலை ஒரு பேர் கிடக்குது. ஆற்றை பேர்? தைச்சவன்ரை பேரோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடத் தொடங்கிய பின்னரே, அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது விளங்கிற்று.

அந்தத் துணியில் இருந்த பெயர் ஷொட் என்பது. அது ஒரு குடும்பத்தின் பெயர். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்து குடியேறிய ஒருவரின் மக்கள் இருவர், ஏர்விங் ஷொட், ஜாக் ஷொட் என்போர், 1913ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே மழையங்கி தைக்கத் தொடங்கினர். வறிய குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குப் புறத்திலே, ஒரு மாடிக் குடியிருப்பின் நிலவறையே அவர்களுடைய தொழிற்சாலை. கடை கிடையாது. தைத்தவற்றைத் தோளிற் சுமந்து வீடு வீடாகச் சென்று விற்றனர். புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையின் முதற் படி எது என்பதை இன்று எம்மவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மழையங்கியிலிருந்து தோலங்கிக்கு வந்தனர். 1925ஆம் ஆண்டளவில், 'சிப்' எனப்படும் இழுவைப் பூட்டினைச் சட்டையிலே முதன்முதல் வைத்துத் தைத்தவர்கள் தாங்களே என்று அந்நிறுவனத்தார் உரிமை பாராட்டுகின்றனர். 1928இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென்று ஒரு தோலங்கியை ஏர்விங் அமைத்தார். அதற்குமுன் அவ்வோட்டிகள் பொத்தான் வைத்த சட்டைகளையே அணிந்தனர். காற்று எதிரே வந்து மோதும்போது பொத்தான்களுக்கிடையே புகுந்து சட்டையை உப்பச் செய்யும். ஏர்விங் இழுவைப் பூட்டை நடுவிலே வைக்காமல் ஒருபுறமாகச் சரித்து வைத்தார். தோல் ஒன்றன்மேலொன்றாக மடிந்து மார்பை மூடிற்று. காற்றுப் புக வழியில்லாது போயிற்று. ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களை விற்ற ஒரு வியாபாரி மூலம் அது ஐந்தரை டொலருக்கு விற்பனையாயிற்று. தாம் விரும்பிப் புகைத்த சுருட்டின் பெயரையே ஏர்விங் அதற்கு இட்டார். 'பெர்பெக்டோ' என்னும் அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானப் படையினருக்கும் கடற்படையினருக்கும் அக்குடும்பத்தார் மேலங்கிகள் தைத்துக் கொடுத்தனர். 1953இல் வெளிவந்த 'த வைல்ட் வண்' என்னும் திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ அவ்வங்கியை அணிந்து தோன்றினார். இளைஞர் அதனை விரும்பி அணியத் தொடங்கவே, அது போக்கிரிகளின் உடை என்று கருதிப் பாடசாலைகள் சில அதனைத் தடைசெய்தன. ஆசிரியர்கள் தோலைக் கண்டு முகஞ்சுளித்த கதை அங்கும் உண்டு என்று அறிந்தபோது என்னையறியாமல் சிரித்தேன். ஆயினும் அங்கே முகஞ்சுளித்தது அணிந்தவனைக் கண்டு. இங்கே நாம் முகஞ்சுளித்தது செய்தவனைக் கண்டு. அவ்வேறுபாடு சிறிதன்று.

நூறாண்டு கடந்துவிட்டது. நியூ ஜேர்சியிலே அவர்களுடைய தொழிற்சாலை இருக்கிறது. இன்று நான்காந் தலைமுறையினர் அதனை நடத்துகின்றனர். அமெரிக்க ஆடைத் தொழிலின் பெரும்பகுதி கூலி குறைந்த நாடுகளுக்குப் பெயர்ந்துவிட்டது. அவ்வாறு பெயர்ந்து போன ஆடைகளுள் எத்தனையோ எங்கள் இலங்கையிலேயே தைக்கப்படுகின்றன. இக்குடும்பத்தாரோ தம் பெயர்பெற்ற தோலங்கியை இன்றும் அமெரிக்காவிலேயே தைத்து வருகின்றனர்.

இதனையெல்லாம் ஒருநாள் பஸ் நிலையத்தடிக்குச் சென்று, அவருடைய மரப்பெட்டிக்கருகே ஒரு சாக்கில் இருந்துகொண்டு சொன்னேன். கையிலிருந்த சப்பாத்தை விடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அப்ப தைச்சவன்ரை பேர்தான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அது வெள்ளைக்காரன் தேசம். அங்கை தோல் தைச்சவன்ரை பேரைச் சட்டையிலை போடலாம். இங்கை போட்டால் ஆர் வாங்குவினம்?" என்றார்.

இக்கேள்விக்கு விடை தேட நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பாக்குநீரிணையைக் கடந்தால் போதுமாயிருந்தது.

புதுச்சேரியிலே 1978ஆம் ஆண்டில் ஒரு தோற் பட்டறை தொடங்கிற்று. தொடங்கியவர் திலீப் கபூர். ஸ்ரீ அரவிந்தர் ஆச்சிரமச் சூழலிலே வளர்ந்து, அமெரிக்கா சென்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பயின்று, டென்வரிலே சர்வதேச உறவுகள் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவ்வூரில் மாணாக்கராய் இருந்தபோது ஒரு தோற்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தார். அங்கே கையிற் பிடித்த தோல் அவரை விடவில்லை. திரும்பி வந்தபோது பல்கலைக்கழகப் பதவியை நாடாமல், ஏறத்தாழ இருபத்தையாயிரம் ரூபாவை முதலாக வைத்து, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைத் துணையாகக் கொண்டு பைகள் தைக்கத் தொடங்கினார். கலாநிதியும் செம்மாரும் ஒரே பலகையிலிருந்து ஒரே தோலை வெட்டினர். ஹைடிசைன் என்று இன்று பலரும் அறிந்த நிறுவனத்தின் பிறப்பு இதுவே.

அப்பைகளை முதலில் வாங்கியவர்கள் நம் நாட்டவரல்லர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்த சிறு கடைகளே வாங்கின. அக்காலத்தில் தோலின் மேல் பூச்சுப் பூசி, மாசு மருவை மறைத்து, எல்லாத் தோலையும் ஒரே முகமாகச் செய்து விற்பதே வழக்கமாயிருந்தது. புதுச்சேரிப் பட்டறையோ மரப்பட்டையாலும் தாவரச் சாற்றாலும் பதனிட்ட தோலைப் பூச்சின்றி அப்படியே காட்டிற்று. விலங்கின் உடலில் முள் கிழித்த தடமும் தெரிந்தது. பித்தளையை வார்த்துப் பூட்டும் வளையமும் செய்தனர். 1992இல் அவர்களுடைய பையொன்று இங்கிலாந்திலே பரிசு பெற்றது. பல ஆண்டுகள் ஏற்றுமதியிலேயே வளர்ந்த பின்னரே இந்திய நகரங்களில் கடை திறந்தனர். பை, மேலங்கி, இடைவார் என்று பொருள்கள் பெருகின. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, உலகப் புகழ் வாய்ந்த பிரெஞ்சு நிறுவனமான லூயி வித்தோனின் குழுமத்தார் அதிற் பங்கு வாங்கினர்.

அது ஏதோ தனியொருவரின் அதிசயம் என்று வாசகர் எண்ண வேண்டாம். அவருக்குப் பின்னே தமிழ் நாட்டின் நெடிய தோற் பதனீட்டு மரபு நின்றது. 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலண்டனுக்குக் கப்பலேறிய தோல், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் சப்பாத்துகளுக்கு மேற்றோலாக அது பேரளவில் வாங்கப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு என்னும் ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல, தந்தைக்குப் பின் மைந்தராக, இத்தொழிலை வளர்த்தன. 1948இல் சென்னை அடையாற்றிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இவ்வாறு பட்டறையும் கடையும் ஆராய்ச்சிக் கூடமும் ஒன்றையொன்று தாங்கின.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பட்டைச் சாற்றிற் பதனிட வாரக்கணக்கு ஆகும். குரோமிய உப்பினாற் பதனிட ஓரிரு நாள் போதும். விரைவை நாடிப் பலரும் குரோமியத்துக்கு மாறினர். கழிவு நீர் பாலாற்றுப் படுகையிலே கலந்தது, கிணறுகள் கெட்டன, வயல்கள் கெட்டன. வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கிலே 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. குளத்து நீரை நம்பி வாழும் வன்னியிலே இத்தொழிலைப் பற்றி நினைப்பவன், புதுச்சேரியை ஒரு கண்ணாலும் பாலாற்றை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டே நினைத்தல் வேண்டும்.

இனி வன்னிக்கு வருவோம். ஒரு தோற் பட்டறைக்கு வேண்டுவன யாவை? முதலில் தோல். பட்டி பட்டியாக மாடு வளர்த்த நாடு இது. சூடு மிதித்ததும் வண்டி இழுத்ததும் மாடுகளே. உரித்த தோல் அழுகாதிருக்க உப்பு வேண்டும். ஆனையிறவு உப்பளம் எங்கள் வாசலிலே இருக்கிறது. மயிர் களையச் சுண்ணாம்பு வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. பதனிடப் பட்டை வேண்டும். இலண்டனுக்குப் போன தோலை ஊறவைத்த அதே ஆவரை, எங்கள் வறண்ட தரைகளிலே, எவரும் நடாமல், எவரும் நீரூற்றாமல், மஞ்சட் பூவாகப் பூத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் பொங்கலுக்குப் பூப் பறிக்கிறார்கள். மற்ற நாட்களில் ஆடு மாடும் அதனை நாடா. தைக்கக் கை வேண்டும். அந்தக் கை பஸ் நிலையத்தடியிலே மரப்பெட்டிக்கருகே இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் பட்டறை எழவில்லை. ஏன்?

போர் என்று சொல்லிவிடலாம், அது பொய்யன்று. பரந்தனிலே இயங்கிய இரசாயனத் தொழிற்சாலை போருக்கு இரையாயிற்று. 2009இல் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியபோது, கட்டவிழ்த்துவிட்ட மாடுகளுக்கு உரியவர் இல்லாமற் போயினர். அக்காலத்தைக் கடந்து வந்தவன் நான். அதனைக் குறைத்துப் பேச மாட்டேன். எனினும் போர் தொடங்குமுன்னரும் பட்டறை எழவில்லை அல்லவா? அப்போது தடுத்தது எது?

தோலைத் தொட்டவனை நாம் தொடவில்லை. கோயிலிலே பறை முழங்க வேண்டும். பறைக்குத் தோல் கட்டியவன் வெளியே நிற்க வேண்டும். சப்பாத்து அணிந்து சபைக்குப் போக வேண்டும். சப்பாத்துத் தைத்தவனுக்குச் சபையில் இடமில்லை. ஒரு தொழில் வளர்வதற்கு முதல் வேண்டும், சந்தை வேண்டும், அறிவு வேண்டும் என்று பொருளியல் நூல்கள் கூறும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது ஒன்றுண்டு. தகப்பன் தன் தொழிலை மகனிடம் வெட்கமின்றிக் கொடுக்க வேண்டும். மகன் அதனை வெட்கமின்றி வாங்க வேண்டும். குடும்ப நிறுவனம் என்பது வேறென்ன? ஏர்விங்கின் பிள்ளைகள், தகப்பனின் தொழில் என்ன என்று பாடசாலையிற் கேட்டபோது தலை குனிந்திருந்தால், நான்காந் தலைமுறை ஏது? நான் ஆறாம் வகுப்பிலே உரத்து வாசித்தது ஒரு பிள்ளையின் படிவத்தை மட்டுமன்று. ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குக் கொடுக்கவிருந்த முதுசொம் ஒன்றைத் தட்டிவிட்டேன் என்றே இன்று எண்ணுகிறேன்.

புதுச்சேரிக் கதையிலும் இதனைக் காணலாம். செல்வமும் கல்வியும் உடைய ஒருவர் தோலைத் தொட்டபோது அது கலை எனப்பட்டது. அவரோடு ஒரே பலகையில் இருந்து தைத்த முதற் கைவினைஞரின் பெயரைச் சொல்வார் அரியர். நிறுவனத்தின் வளர்ச்சியைப் போற்றும் நாம் அந்தக் குறையையும் மனத்திற் கொள்ள வேண்டும். தொழிலுக்கு மதிப்பு வந்தால் மட்டும் போதாது. தொழிலாளிக்கும் வர வேண்டும்.

2009க்குப் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துள்ளன. அதிகாலையிலே பஸ் வண்டிகளில் எங்கள் பெண்பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகச் செல்வதைக் காண்கிறேன். அவர்களுட் பலர் என் மாணவிகள். அச்சம்பளத்தால் எரியும் அடுப்புகளை நான் அறிவேன். ஆகவே அதனை இகழேன். ஆயினும் அவர்கள் தைக்கும் ஆடைகளின் கழுத்தில் இருக்கும் பெயர்கள் கடல் கடந்த பெயர்கள். அந்தக் கைகளுக்குத் தையல் தெரிந்துவிட்டது. இனி அவர்களுட் பத்துப் பேர் ஒன்றுகூடி, கூட்டுறவாகவோ குடும்பமாகவோ, சிறு பட்டறையொன்றைத் தொடங்கினால், பட்டையாற் பதனிட்ட தோலிலே பையோ செருப்போ செய்து தங்கள் பெயரைப் பொறித்தால், அது நடவாத காரியமா? நிலவறையில் இருந்த இரு சகோதரரிடம் இருந்ததைவிட அவர்களிடம் அதிகமே இருக்கிறது.

அந்தப் பையனிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் மாணாக்கனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் காலத்து வழக்கமன்று. ஆதலால் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. "ஆறாம் ஆண்டிலை அந்தப் படிவத்தை நான் அப்படி வாசிச்சிருக்கக் கூடாது" என்றேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்கள் மறந்திருப்பியள் எண்டு நினைச்சன் சேர்" என்றான். அவ்வளவே. அவன் மன்னித்தானா என்பது எனக்குத் தெரியாது. மறக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பின்னர் அவன் சாதாரண தரத்தில் நன்றாகவே சித்தியடைந்து, உயர்தரத்தில் வணிகம் படிக்கச் சென்றான். விடுமுறை நாட்களில் தகப்பனாருக்கருகே ஒரு சிறு முக்காலியில் இருக்கக் காண்கிறேன். பட்டினத்து மாணாக்கர் பார்த்துக்கொண்டு போகின்றனர். அவன் எழுந்து போவதில்லை.

சென்ற ஆண்டு என் செருப்பு அறுந்துபோயிற்று. கடையில் வாங்காமல் அவரிடமே ஒரு சோடி செய்யச் சொன்னேன். அளவெடுத்தார், பத்து நாட் தவணை கேட்டார். "ஒரு நிபந்தனை. உங்கள் பெயரை அதிற் போட வேண்டும்" என்றேன். சிரித்தார். "காலிலை மிதிக்கிற சாமானிலை பேரைப் போடவோ ஐயா?" என்றார். அந்த மறுமொழியை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சொல்லப் பதிலும் இருக்கவில்லை. மகன்தான், "அப்பா, மிதிபடாத இடத்திலை போடலாம். வாரிலை போடுங்கோ" என்றான்.

பத்தாம் நாள் செருப்புக் கிடைத்தது. வலக்காற் செருப்பின் வாரிலே, உட்புறத்தில், சூடேற்றிய ஊசியாற் பொறித்த ஒற்றை எழுத்து. அவர் பெயரின் முதலெழுத்து. நான் நடக்கும்போது அது என் பாதத்தின் மேற்புறத்திலே படுகிறது. எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இப்போது அது சற்று மங்கிவிட்டது. அடுத்த கிழமை கொண்டுபோய், இம்முறை வெளிப்புறத்தில் பொறிக்கும்படி சொல்ல இருக்கிறேன்.